குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கு: ஒப்புக்கொள்வதா, நடத்துவதா?

இரவு பதினொன்றரை மணிக்குச் சாலைத் தடுப்புகளுக்கு நடுவே வண்டி நிறுத்தப்படுகிறது. கருவியில் ஊதச் சொல்கிறார்கள். திரையில் 38 என்றோ 112 என்றோ ஓர் எண் வருகிறது. அச்சிட்டு வந்த சிறு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, வண்டியை ஓரம் கட்டிவிட்டு, கோர்ட்டில் பார்த்துக்கொள்ளுமாறு அனுப்பிவிடுகிறார்கள். மறுநாள் காலையில் அந்த ஓட்டுநர் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்: பத்தாயிரத்தை எங்கே, எப்படிச் சீக்கிரம் கட்டுவது? தமிழ்நாட்டில் 'டி.டி. கேஸ்' என்று காவலர்களும் வழக்கறிஞர்களும் சுருக்கமாகச் சொல்லும் இந்த வழக்கில், பணம் என்பது உண்மையில் கடைசியாகக் கவலைப்பட வேண்டிய விஷயம். குற்றத்தை ஒப்புக்கொண்டால் அன்றே வழக்கு முடிந்து, தண்டனை பெற்றவர் என்ற பதிவு நிலைத்துவிடும். வழக்கை நடத்தினால் அந்தப் பதிவைத் தவிர்க்க வாய்ப்பு உண்டு, ஆனால் வழக்கு நிலுவையில் உள்ளவர் என்ற நிலை மாதக்கணக்கில், சில நேரம் ஆண்டுக்கணக்கில் தொடரும். இந்த இரண்டு சுமைகளில் எதைத் தன்னால் தாங்க முடியும் என்பதை ஒருவர் தன் தொழிலையும், அன்றிரவு தன் கையில் கொடுக்கப்பட்ட தாள்களையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் சட்டத்தின் எல்லைகள். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 185ஆவது பிரிவின்படி, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கும் நிலையில் வண்டியை ஓட்டுவதும், ஓட்ட முயல்வதும் குற்றம். முதல் முறை என்றால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். அடுத்த முறை என்றால் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது 15,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். 2019ஆம் ஆண்டின் திருத்தத்திற்கு முன்பு இந்த அபராதம் முறையே 2,000, 3,000 ரூபாய் வரை என்றுதான் இருந்தது. அந்தத் திருத்தத்தில் பலர் கவனிக்காத இரண்டு மாற்றங்கள் உள்ளன. முன்பு 'வரை' என்றிருந்த அபராதம் இப்போது நிலையான தொகை; ஆகவே 'பேசிக் குறைத்துத் தருகிறேன்' என்று நீதிமன்ற வாசலில் ஒருவர் சொன்னால், எதைக் குறைப்பார் என்று அவரிடமே கேட்கலாம். அடுத்து, முந்தைய குற்றம் நடந்து மூன்று ஆண்டுகளுக்குள் மறுபடி பிடிபட்டால்தான் 'இரண்டாவது குற்றம்' என்றிருந்த வரம்பு நீக்கப்பட்டுவிட்டது. இன்று ஒப்புக்கொள்ளும் குற்றம் பத்து ஆண்டு கழித்தும் முதல் குற்றமாக எண்ணப்படும்.

தலைக்கவசம் அணியாததற்கும் சிக்னலைத் தாண்டியதற்கும் சாலையிலேயே பணம் கட்டி முடிப்பதைப் போல இதை முடிக்க முடியாது. காவல்துறையினரே இணக்கக் கட்டணம் பெற்று முடித்துக்கொள்ளத்தக்க குற்றங்களை 200ஆவது பிரிவு பட்டியலிடுகிறது. அதில் 185 இல்லை. எனவே குற்றவியல் நடுவர் முன்புதான் இது முடிந்தாக வேண்டும். அதே சமயம், இது பிணையில் விடத்தக்க குற்றம். கைது செய்யப்பட்டாலும் காவல் நிலையத்திலேயே பிணை கேட்பது சலுகையல்ல, உரிமை.

ஒப்புக்கொள்ளும் வழியின் கவர்ச்சி அதன் வேகத்தில் இருக்கிறது. குற்றச்சாட்டின் சாரத்தை நடுவர் வாசித்துக் காட்டுவார்; ஒப்புக்கொள்வதாகச் சொன்னால் அதை இயன்றவரை அவர் சொன்ன சொற்களிலேயே பதிவு செய்து, அபராதம் விதித்து, பெரும்பாலும் அன்றே அனுப்பிவிடுவார். முதல் முறை பிடிபட்டு, விபத்து எதுவும் இல்லாத வழக்கில் அபராதத்தோடு முடிவதே வழக்கமாகக் காணப்படுவது. நடுவர் சிறைத் தண்டனை விதிக்கவே முடியாது என்று இதற்குப் பொருளில்லை. உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு முதல் முறையிலேயே சிறைத் தண்டனை கோரும்படி 2015இல் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. சுருக்க விசாரணையாக, அதாவது சிறு குற்றங்களுக்கான விரைவு நடைமுறையில், நடந்தால் மூன்று மாதத்திற்கு மேல் சிறை விதிக்க இயலாது என்பது ஓர் ஆறுதல். கருவி காட்டிய எண் 100ஐத் தாண்டியிருக்கிறது, அச்சுத்தாள் ஒழுங்காக இருக்கிறது, முன்பு வழக்கு எதுவும் இல்லை, ஓட்டுநர் வேலையோ அரசு வேலையோ எதிர்பார்ப்பில் இல்லை என்றால், இந்த வழியை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அதன் விலையை அறிந்து அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒப்புக்கொண்ட பின் மேல்முறையீடு செய்ய முடிவது தண்டனையின் அளவையும் சட்டத்தன்மையையும் பற்றி மட்டுமே. 'நான் அன்று குடிக்கவே இல்லை' என்று பிறகு எந்த நீதிமன்றத்திலும் சொல்ல முடியாது. அதைவிடக் கடுமையானது 22ஆவது பிரிவு. 185இன் கீழ் ஏற்கெனவே தண்டிக்கப்பட்டவர் மீண்டும் அதே பிரிவில் தண்டிக்கப்பட்டால், நீதிமன்றம் அவருடைய ஓட்டுநர் உரிமத்தை ரத்து செய்தே ஆக வேண்டும் என்கிறது அது. செய்யலாம் என்று அல்ல, செய்ய வேண்டும் என்று. வாடகைக் காரோ லாரியோ ஓட்டிப் பிழைப்பவருக்கு முதல் வழக்கில் வாய்தாவைத் தவிர்ப்பதற்காக ஒப்புக்கொள்வது, தன் பிழைப்பை இன்னொரு இரவின் மீது பணயம் வைப்பதாகும். வெளிநாடு செல்ல நினைப்பவர்களுக்கும் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. கனடா 2018 டிசம்பரில் போதையில் வண்டி ஓட்டுவதற்கான உச்சத் தண்டனையைப் பத்து ஆண்டாக உயர்த்தியது. அதன் விளைவாக, வேறு நாட்டில் இதற்கு ஈடான குற்றத்தில் தண்டனை பெற்றவரும் அங்கே கடுங்குற்றத்தின் அடிப்படையில் நுழைவு மறுக்கப்படும் வகைக்குள் வரலாம். பத்தாயிரம் ரூபாய் ரசீதைப் பத்திரப்படுத்தாமல் தூக்கி எறிந்தவர்கள், சில ஆண்டு கழித்துக் குடியேற்ற விண்ணப்பத்தில் 'தண்டனை பெற்றதுண்டா' என்ற கட்டத்தின் முன் உட்கார்ந்து யோசிக்க நேர்கிறது.

வழக்கை நடத்துவது என்றால், எண்ணையும் அந்த எண் வந்த விதத்தையும் கேள்விக்கு உட்படுத்துவது. குடித்தாரா இல்லையா என்பதைக் காட்டிலும், சட்டம் கேட்கும் அளவு சட்டம் கேட்கும் முறையில் நிறுவப்பட்டதா என்பதே அங்கே விவாதம். மூச்சுப் பரிசோதனைக் கருவி இரத்தத்தை நேரடியாக அளப்பதில்லை. நுரையீரலின் ஆழத்திலிருந்து வரும் மூச்சில் உள்ள ஆல்கஹாலை அளந்து, ஏறத்தாழ 2,100க்கு 1 என்ற விகிதத்தைக் கொண்டு இரத்தத்தில் உள்ள அளவைக் கணக்கிட்டுச் சொல்கிறது. இந்த விகிதம் ஆளுக்கு ஆள், நேரத்துக்கு நேரம் சற்று மாறும். குடித்த சில நிமிடங்களுக்குள் ஊதினாலோ, ஏப்பம் விட்ட உடனே ஊதினாலோ, ஆல்கஹால் கலந்த வாய் கொப்பளிக்கும் மருந்தைப் பயன்படுத்திய கையோடு ஊதினாலோ, வாயில் தங்கிய ஆல்கஹால் எண்ணைப் பொய்யாக உயர்த்திக் காட்டும். சட்டமே இந்தக் கருவி மத்திய அரசு அறிவிக்கையின் வழி ஒப்புதல் அளித்த வகையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே கருவியின் வகை, வரிசை எண், கடைசியாக அளவு திருத்தம் (கருவி சரியாக அளக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்வது) செய்யப்பட்ட நாள், ஊதிய நேரம் ஆகியவை வழக்கறிஞர் முதலில் பார்க்க வேண்டியவை. கேரள உயர் நீதிமன்றம் இதில் ஒரு படி மேலே போய், ஒருவரை ஊதச் சொல்வதற்கு முன் வெறும் காற்றை வைத்துச் சோதித்துக் கருவி பூஜ்யம் காட்டியதற்குப் பதிவு இருக்க வேண்டும் என்று கூறி, அது இல்லாத வழக்கை ரத்து செய்திருக்கிறது. தமிழ்நாட்டு நடுவரை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது. ஆனால் எடுத்துக்காட்டி வாதிட உதவும்.

எண்ணே இல்லாத வழக்குகளும் உண்டு. 'மது வாடை வீசியது, தள்ளாடினார், கண்கள் சிவந்திருந்தன' என்று மருத்துவர் எழுதிய சான்றிதழ் மட்டும் இருக்கும். அத்தகைய அறிகுறிகளை வைத்து மட்டும், இரத்தப் பரிசோதனையோ சிறுநீர்ப் பரிசோதனையோ இல்லாமல், ஒருவர் குடித்திருந்தார் என்ற முடிவுக்கு வர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1971ஆம் ஆண்டிலேயே மகாராஷ்டிர வழக்கொன்றில் சொல்லிவிட்டது. 30 மில்லிகிராம் என்ற அளவையே குற்றத்தின் உறுப்பாக வைத்திருக்கும் 185ஆவது பிரிவுக்கு அந்தக் கருத்து இன்னும் நெருக்கமாகப் பொருந்தும் என்பது என் எண்ணம். இப்படிப்பட்ட தாளை வைத்துக்கொண்டு ஒருவர் அவசரமாகப் போய் ஒப்புக்கொள்வதைப் பார்க்கும்போது வருத்தமாகத்தான் இருக்கிறது. அரசுத் தரப்பு நிறுவ முடியாததை அவரே நிறுவிக் கொடுத்துவிடுகிறார்.

ஊத மறுத்துவிட்டால் எண் வராது, வழக்கும் நிற்காது என்று நினைப்பவர்கள் 205ஆவது பிரிவைப் படிக்க வேண்டும். நியாயமான காரணமின்றிப் பரிசோதனைக்கு மறுத்ததையே அரசுத் தரப்புச் சாட்சியத்துக்கு வலுச் சேர்க்கும் சூழ்நிலையாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். மறுத்தவரைப் பிடியாணை இல்லாமல் கைது செய்யவும் 203 இடம் தருகிறது. எண் 30ஐ ஒட்டி வந்திருக்கும்போது பயன்படுவது மறுப்பு அல்ல, இரத்தப் பரிசோதனை வேண்டும் என்று அந்த இடத்திலேயே கேட்டு, கேட்டதை எழுத்தில் பதிய வைப்பது. 185இன் கீழ் கைது செய்யப்பட்டவரை இரண்டு மணி நேரத்துக்குள் பதிவு பெற்ற மருத்துவரிடம் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும், இல்லையேல் காவலிலிருந்து விடுவிக்க வேண்டும் என்பது 202ஆவது பிரிவு. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் உள்ள ஆல்கஹாலை உடல் மணிக்குச் சுமார் 15 முதல் 20 மில்லிகிராம் வரை கழிக்கிறது என்பதால், காலதாமதம் எதிர்த்தரப்புக்கும் உதவக்கூடும்: இரண்டு மணி கழித்து வந்த 25ஐக் காட்டி, ஓட்டியபோது 55 இருந்திருக்கும் என்று அரசுத் தரப்பு வாதிடலாம்.

வழக்கை நடத்துவதன் செலவு வழக்கறிஞர் கட்டணத்தோடு நிற்பதில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஆஜராக வேண்டும், தவறினால் பிடியாணை. சாட்சியான காவலர் மாற்றலாகிப் போய், அவர் வருவதற்கே மாதங்கள் ஓடலாம். இந்தக் காலம் முழுவதும் கடவுச்சீட்டு புதுப்பிக்க வேண்டியவருக்கு ஒரு தனிச் சிக்கல். குற்றவியல் வழக்கு நிலுவையில் இருப்பவருக்குக் கடவுச்சீட்டு மறுக்கக் கடவுச்சீட்டுச் சட்டத்தின் 6ஆவது பிரிவு இடம் தருகிறது; நடுவரிடம் தனியே மனு போட்டு அனுமதி பெற்றால், 1993ஆம் ஆண்டின் அறிவிக்கையின்படி நீதிமன்றம் குறிப்பிடும் காலத்துக்குக் கிடைக்கும், காலம் குறிப்பிடாவிட்டால் ஓராண்டுக்கு மட்டும் கிடைக்கும். எனவே இரண்டு மாதத்தில் வெளிநாட்டு வேலைக்குப் புறப்பட வேண்டியவரும், நிரந்தரமாகக் குடியேற விண்ணப்பிக்கப் போகிறவரும் எதிரெதிர் முடிவுகளை எடுக்க நேரலாம்: முன்னவருக்கு நிலுவை இடையூறு, பின்னவருக்குத் தண்டனைப் பதிவு இடையூறு.

அரசுப் பணிக்கு முயல்பவர்களின் நிலை இன்னும் சிக்கலானது. காவல்துறைப் பணிக்கான சரிபார்ப்பில், தண்டனை, நிலுவை இரண்டுமே கேள்விக்குள்ளாகும். இதில் எந்த வழியைத் தேர்ந்தாலும் மறைக்கக் கூடாது. கேட்கப்பட்ட தகவலை மறைப்பதையே பணி மறுப்புக்கான காரணமாகக் கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 2016இல் அவதார் சிங் வழக்கில் விரிவாகச் சொல்லியிருக்கிறது. ஏற்கெனவே பணியில் இருப்பவர் துறை விசாரணையையும் கணக்கில் கொள்ள வேண்டும். குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்காக நீக்கப்பட்ட உத்தரப் பிரதேச ஆயுதக் காவல் படை ஓட்டுநர் ஒருவரின் வழக்கில், பெரிய விபத்து நடக்கவில்லை என்பது அதிர்ஷ்டம் மட்டுமே, அதற்காக மென்மை காட்ட முடியாது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் கூறியது. இறுதியில் பணிநீக்கத்தைக் கட்டாய ஓய்வாக மாற்றியதோடு நிறுத்திக்கொண்டது.

உயர் நீதிமன்றத்தில் வழக்கையே ரத்து செய்யக் கோருவது மூன்றாவது வழி. அதற்கு இடம் தருவது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் இன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 528ஆவது பிரிவு, அதாவது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 482. சாட்சியத்தை எடைபோட்டுப் பார்க்கும் இடம் அதுவன்று. குற்றப் பத்திரிகையிலேயே அளவு குறிப்பிடப்படவில்லை, அல்லது ஓராண்டுக் காலவரம்பு கடந்த பின் நடுவர் வழக்கைக் கோப்பில் எடுத்திருக்கிறார் என்பது போன்ற, தாளைப் பார்த்தாலே தெரியும் குறைகளுக்கு மட்டுமே அது ஏற்றது. முதல் குற்றத்துக்கான உச்சத் தண்டனை ஆறு மாதமே என்பதால் இந்த ஓராண்டு வரம்பு பொருந்துகிறது. இத்தகைய குறை இல்லாதபோது பத்தாயிரம் ரூபாய் வழக்குக்கு அங்கே போவது கொசுவுக்குப் பீரங்கி.

நான்காவதாக ஒன்றைப் பலர் தேர்ந்தெடுக்காமலே தேர்ந்தெடுக்கிறார்கள்: சம்மனைப் பெட்டியில் போட்டுவிட்டு மறந்துவிடுவது. அதற்குப் பலன் பிடியாணை. வண்டியை விற்கவோ உரிமத்தைப் புதுப்பிக்கவோ போகும் நாளில் அது எதிரே வந்து நிற்கும்.

நீதிமன்றத்தில் என்ன நடந்தாலும், உரிமம் தனிப் பாதையில் போகும் என்பதைப் பலர் தாமதமாகவே அறிகிறார்கள். 206ஆவது பிரிவின் 2019 திருத்தப்படி காவலர் உரிமத்தைக் கைப்பற்றி உரிம அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். மேலே சொன்ன சாலைப் பாதுகாப்புக் குழு குறைந்தது மூன்று மாதம் இடைநிறுத்தம் கோருகிறது. அபராதம் கட்டிவிட்டதால் இது தானாக நீங்காது. ஆனால் 19ஆவது பிரிவு, இடைநிறுத்துவதற்கு முன் உரிமதாரரின் விளக்கத்தைக் கேட்க வேண்டும் என்றும், ஆணை வந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்றும் சொல்கிறது. ஆர்.டி.ஓ. அலுவலகத்திலிருந்து வரும் அறிவிப்புக்கு எழுத்தில் பதில் கொடுப்பது, வழக்கை ஒப்புக்கொள்பவருக்கும் நடத்துபவருக்கும் ஒருபோல அவசியம். வண்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை: வண்டியைத் தடுத்து வைக்கும் அதிகாரம் தரும் 207ஆவது பிரிவின் காரணங்களில் போதை இல்லை. குடிக்காத, உரிமமுள்ள ஒருவர் வந்தால் வண்டியை அவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று தெலங்கானா உயர் நீதிமன்றம் 2021இல் கூறியது.

இதுவரை சொன்னவை எல்லாம் யாருக்கும் அடிபடாத வழக்குக்கு. விபத்து நடந்திருந்தால் கணக்கே மாறுகிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், கண்மூடித்தனமாக வண்டி ஓட்டுவதையும் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிப்பதையும் பற்றிய 281, 125 பிரிவுகளும், உயிரிழப்பு என்றால் ஐந்து ஆண்டு வரை சிறை விதிக்கும் 106(1)உம் சேரும். மோட்டார் வாகனச் சட்டத்தில் ஒன்றை முடித்துவிட்டால் மற்றது வராது என்ற நம்பிக்கைக்கு இடமில்லை. இரண்டு சட்டங்களின் கீழும் வழக்குத் தொடரலாம் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. மும்பை கார்ட்டர் சாலையில் 2006இல் நடைபாதையில் உறங்கிய ஏழு பேர் கொல்லப்பட்ட வழக்கிலும், 1999இல் ஆறு பேரைப் பலி கொண்ட டெல்லி பி.எம்.டபிள்யூ. வழக்கிலும், 2012இல் அந்த நீதிமன்றம் கவனக்குறைவால் நேர்ந்த மரணம் என்ற வரம்பைத் தாண்டி, கொலையாகாத மரணம் விளைவித்தல் என்ற குற்றத்தின் இரண்டாம் பகுதியை, அதாவது மரணம் நேரலாம் என்று அறிந்தே செய்ததைப் பற்றிய பகுதியைப் பொருத்தியது: முன்னதில் அதன் கீழான தண்டனையை உறுதி செய்தது, பின்னதில் உயர் நீதிமன்றம் நீக்கியிருந்த அந்தக் குற்றத்தை மீண்டும் நிலைநாட்டியது. இன்றைய சட்டத்தில் அது 105ஆவது பிரிவு. பத்து ஆண்டு வரை சிறை, பிணையில் விடத்தகாதது, அமர்வு நீதிமன்றத்தில் விசாரணை. இப்படிப்பட்ட நிலையில் 185ஐ மட்டும் தனியே எடுத்து ஒப்புக்கொள்வது மிக ஆபத்தானது. அந்த ஒப்புதல் பெரிய வழக்கிலும், இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலும், சொந்த வண்டிச் சேதத்துக்கான காப்பீட்டுக் கோரிக்கையிலும் பின்தொடரும். காப்பீட்டைப் பொறுத்தவரை, மூச்சுப் பரிசோதனை எண் இல்லாமலே பிற சூழ்நிலைகளைக் கொண்டு ஓட்டுநர் போதையில் இருந்ததை நிறுவ முடியும் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் ஏற்றுக்கொண்டது. குற்றவியல் வழக்கில் எண் இல்லாததால் தப்புபவர், காப்பீட்டில் தப்பாமல் போகலாம்.

யாரை அமர்த்துவது என்பதும் ஓர் ஒப்பீடுதான். ஒப்புக்கொள்வது என்று தீர்மானித்துவிட்டால், பெரிய கட்டணம் கேட்பவர் தேவையே இல்லை. ஆனால் அந்தத் தீர்மானத்துக்கு முன் ஒரு முறை, விசாரணை நடத்திப் பழகிய வழக்கறிஞரிடம் தாள்களைக் காட்டி ஆலோசனைக் கட்டணம் கொடுப்பது வீண் செலவாகாது. அவர் அச்சுத்தாளையும் நேரத்தையும் கேட்காமல் 'முடித்துவிடலாம்' என்று தொடங்கினால் வேறொருவரைப் பார்க்கலாம். விடுதலை நிச்சயம் என்று உறுதி கொடுப்பவரையும் அப்படியே. வசதியில்லாதவர்களுக்கு 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் கைகொடுக்கிறது: பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோர் வருமானம் எதுவானாலும் இலவச வழக்கறிஞர் பெறலாம், மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. ஒவ்வொரு நீதிமன்ற வளாகத்திலும் அந்த அலுவலகம் இருக்கும்; 15100 என்ற கட்டணமில்லா எண்ணிலும் கேட்கலாம்.

எண் 30க்கும் 50க்கும் இடையில், இரத்தப் பரிசோதனை இல்லை, தொழில் ஓட்டுநர் வேலை என்றால் நான் வழக்கை நடத்தச் சொல்வேன். எண் 90க்கு மேல், தாள்கள் சரி, அடுத்த மாதம் கடவுச்சீட்டு புதுப்பிக்க வேண்டும் என்றால் ஒப்புக்கொள்ளச் சொல்வேன். ரசீதையும் தீர்ப்பின் சான்றிட்ட நகலையும் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்வேன். 50க்கும் 90க்கும் இடைப்பட்டவர்களுக்குக் கருவியின் அளவு திருத்தச் சான்றிதழைப் பார்க்காமல் எந்தப் பதிலும் சொல்ல முடியாது; அதன் நகலைக் கேட்டு முதல் வாய்தாவிலேயே மனு போட வேண்டும். அதற்குப் பிறகும் ஒப்புக்கொள்ளும் கதவு திறந்தே இருக்கும்.